விளக்கு விழுந்த பக்கம்

“விளக்குதான் கீழ விழுந்துடுச்சே!”

சொன்னது தான்தான் என்று அவளுக்கு உறைக்கவே ஒரு கணம் ஆயிற்று.

திரைக்கு அந்தப் பக்கம் குரல் நின்றது. இத்தனை நாளாக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுவந்த குரல்... வாக்கியத்தின் நடுவில் அறுந்து நின்றது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பஸ்ஸில் தன் நிறுத்தம் தாண்டிப் போனாலும் ‘நிறுத்துங்க’ என்று சொல்லக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வருகிறவள் அவள். இன்று, முகம் தெரியாத ஒருவன் தன் அம்மாவுக்குக் கதை படிக்கும்போது குறுக்கே பேசிவிட்டாள். அதுவும் கூடம் முழுக்கக் கேட்கும்படி.

அது ஒரு கண் மருத்துவமனையின் மாடிக் கூடம். விழித்திரை அறுவை முடிந்தவர்கள் முகம் கவிழ்ந்தே படுத்திருக்க வேண்டிய இடம். கண்ணுக்குள் அடைத்த வாயுக் குமிழி மேலே எழும்பி, விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்கும். நிமிர்ந்தால் குமிழி நகர்ந்துவிடும். அதற்கென்றே தலைமாட்டில் வட்ட ஓட்டை வைத்த கட்டில்கள். கட்டிலுக்குக் கட்டில் பச்சைத் திரை. சாப்பாடு, பேச்சு, சண்டை எல்லாம் தரையைப் பார்த்துத்தான்.

ஒரு கட்டிலில் அவளுடைய அப்பா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். “வேலைல இருந்தப்ப ரோட்டைப் பாத்தேன், இப்ப தரையைப் பாக்கறேன். ப்ரமோஷன்தான்” என்பார். அடுத்த கட்டிலில் ஒரு தையல் டீச்சர். அவருக்குத் துணையாக மகன். அந்த மகனை அவள் பார்த்ததில்லை. திரைக்கும் தரைக்கும் நடுவில் தெரியும் அவனுடைய பழுப்பு ஷூக்கள் மட்டும் பழக்கம். ஒன்றில் பழுப்பு லேஸ், மற்றதில் கறுப்பு லேஸ். அப்புறம், அந்தக் குரல்.

குரல் படித்துக்கொண்டிருந்தது ஒரு கிறிஸ்தவ சாகச நாவல். பாலைவனத்தில் இடிந்துபோன ஒரு மடம். அதன் அடியில் ஆதி விசுவாசிகள் ஒளித்துவைத்த ஒரு கல்வெட்டு. அதைத் தேடிச் சுரங்கத்தில் இறங்கும் தொல்லியல் ஆராய்ச்சிக்காரி, அவளுக்கு வழிகாட்டியாக ஒரு முன்னாள் சிப்பாய், பின்னாலேயே சிலை திருடும் கும்பல்.

அவளுக்குத் துளியும் ஒத்துவராத வகை. அவள் படிப்பதெல்லாம் துப்பறியும் கதைகள். அங்கே பூட்டுக்குச் சாவி இருக்கும், சாவியில் கைரேகை இருக்கும். இங்கேயோ கதவு திறக்கவில்லை என்றால் முழங்காலிட்டு ஜெபம் செய்தார்கள். முதல் நாள், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தாள். அடுத்த நாள், சிப்பாய் அறுந்துகொண்டிருந்த கயிற்றில் தொங்கியபோது, தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டாள். காற்று வரட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் காற்றே கிடையாது.

நேற்றைய வாசிப்பு ஆபத்தான இடத்தில் முடிந்திருந்தது... சுரங்கத்தின் ஆழத்தில், ஆராய்ச்சிக்காரியின் கையிலிருந்து எண்ணெய் விளக்கு நழுவுகிறது. இன்று அவன் படித்த முதல் வரி: ‘அவள் விளக்கை உயர்த்திச் சுவரைப் பார்த்தாள்.’

எப்படிப் பார்ப்பாள்?

“யாரும்மா அது?” தையல் டீச்சரின் குரல் தரையிலிருந்து எழும்பி வந்தது. “சரியாத்தான் சொல்ற. நேத்தே விளக்கு விழுந்துச்சேடா?”

“அது... வேற விளக்கும்மா.”

“தம்பி...” அவளுடைய அப்பாவும் தரையைப் பார்த்தபடியே வழக்கில் சேர்ந்துகொண்டார். “இன்னொரு விளக்கைத்தான் ஒட்டகம் மிதிச்சு ஒடச்சிடுச்சே. ஆரம்பத்துலயே.”

“அப்பா... சும்மா இருங்களேன்.”

“நான் சும்மாத்தான் கேட்டுட்டிருந்தேன் பாப்பா. ஆரம்பிச்சது நீ.”

பழுப்பு ஷூக்கள் ஒருமுறை இடம் மாறி நின்றன.

“டேய்.” தையல் டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். “எனக்குக் கட்டு கண்ணுலதான். காதுல இல்ல. புத்தகத்துல இருக்கறதைப் படிக்கிறியா, உன் வேலையை எங்கிட்டயே காட்டுறியா?”

“அப்படி என்ன வேலைங்க?” என்றார் அப்பா ஆர்வமாக.

“டிவி சீரியலுக்கு டப்பிங் வசனம் எழுதுறான். வேற பாஷைல அவங்க என்னவோ பேசுவாங்க. அந்த வாய் அசைவுக்குத் தோதா இவன் வேற என்னவோ பேச வைப்பான். அதுல படு கெட்டிக்காரன்.” டீச்சர் குரலை மகன் பக்கம் திருப்பினார். “எதைடா மறைக்கிற?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப மீதியை அந்தப் பொண்ணு படிக்கட்டும். ஏம்மா, சாயங்காலம் வந்து படிக்கிறியா?”

முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

“படிப்பா” என்றார் அப்பா.

தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் வெளியே தப்பினாள். பின்னால் ஷூ சத்தம் வந்தது. வேகமாக.

“ஒரு நிமிஷம்.”

திரும்பினாள். நடைவழியின் நீள ஜன்னல் முழுக்க மழை வழிந்துகொண்டிருந்தது. அந்த ஈர வெளிச்சத்தில் அவன் நின்றான். குரலை வைத்து அவள் மனதுக்குள் வரைந்து வைத்திருந்த முகம் இதுவல்ல. இது இன்னும் எளிய முகம். மழிக்காத தாடை. தூக்கம் கெட்டு ஓரம் சிவந்த கண்கள்... ஆனாலும் நடுவில் அப்படி ஒரு தெளிவு, கலங்கி அடங்கிய தண்ணீர்போல. அந்தக் கண்கள் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தன.

முதல் பார்வை என்பது இப்படியா இருக்கும்?

“உங்களுக்கு என்னங்க பிரச்சனை?”

“இல்ல... அந்த விளக்கு...”

“விளக்கு! அதைக் கண்டும் காணாம விட்டிருக்கக் கூடாதா?” அவன் புத்தகத்தைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினான். “இந்தப் பத்தியைப் படிங்க.”

படித்தாள். விளக்கு பாறையில் மோதிச் சிதறுகிறது. எரியும் எண்ணெய் ஆராய்ச்சிக்காரியின் முகத்தில் தெறிக்கிறது. ‘அதற்குப் பிறகு அவள் எதையும் பார்க்கவில்லை’ என்று பத்தி முடிந்தது.

மழைச் சத்தம் சட்டென்று கூடிவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

“எங்கம்மாவுக்கு இடது கண்ணு சின்ன வயசுலயே போயிடுச்சு” என்றான். “இருக்கறது இந்த ஒண்ணுதான். ஏற்கனவே ஒருதரம் ஆபரேஷன் பண்ணி ஒட்டல. இது ரெண்டாவது. நாளைக்குக் காலைல பெரிய டாக்டர் கட்டைப் பிரிக்கப் போறார். இன்னிக்குப் போய் இதை அவங்க காதுல...” புத்தகத்தை மூடினான். “முன்கூட்டியே புரட்டிப் பாத்தேன். இந்த வரி வந்ததும் மூடிட்டேன். மேல படிக்க முடியல. மீதியை நானே கட்டிவிட்டுக்கலாம்னு நெனச்சேன்.”

ஒரு தவறைக் கண்டுபிடித்ததாக அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம் இருந்ததே... அது இப்போது முள்ளாகக் குத்தியது.

“மன்னிச்சிடுங்க.”

“அதெல்லாம் வேணாம். சாயங்காலம் நீங்க படிக்கறப்ப இந்த இடத்தை மட்டும் மாத்திடுங்க. விளக்கு கீழ விழறதுக்குள்ள சிப்பாய் பிடிச்சுட்டான்னு படிங்க. முடிஞ்சுது.”

“எனக்கு... வராது.”

“என்ன வராது?”

“மாத்திச் சொல்றது.”

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். அவள் பாட்டில் மூடியைத் திருகியபடி, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்கறேன். புதுசா போர் போட்டவங்க ஆசையா சாம்பிள் கொண்டு வருவாங்க. ‘நல்ல தண்ணினு எழுதிடும்மா’னு கெஞ்சுவாங்க. பாவமாத்தான் இருக்கும். ஆனா மாத்தி எழுதினா, அதைக் குடிக்கப்போறது அவங்கதானே?”

ஒரு அந்நியனிடம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

“இது தண்ணி இல்லங்க” என்றான் அவன். “எங்கம்மா.”

அடி வாங்கியதுபோல் இருந்தது. ஆனாலும் அவள் கையை நீட்டினாள்.

“புத்தகத்தைக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள முழுசா படிச்சிடறேன்.”

“படிச்சுட்டு? ரிப்போர்ட் குடுப்பீங்களா?”

புத்தகத்தை அவள் கையில் வைத்துவிட்டு அவன் போய்விட்டான். கறுப்பு லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. கூப்பிட்டுச் சொல்லலாமா... வேண்டாம். இன்றைக்குச் சொன்ன வரைக்கும் போதும்.

மாடிப்படி வளைவில் உட்கார்ந்து படித்தாள். அட்டையில் ஒரு செம்பாறை, ஒரு சிலுவை, ஒரு தீப்பந்தம். வேறு நாளாக இருந்தால் கடையில் இந்தப் புத்தகத்தின் பக்கம்கூடத் திரும்பியிருக்க மாட்டாள்.

எரிச்சலூட்டும் விஷயங்கள் நிறைய இருந்தன. அந்த எண்ணெய் அப்படியெல்லாம் பற்றிக்கொள்ளாது; ஓரத்தில் பென்சிலால் குறிக்கக் கை துறுதுறுத்தது. வில்லன் இருமிவிட்டுத்தான் சுடுவான். ஒட்டகத்துக்குக்கூட ஜெப நேரம் தெரிந்திருந்தது. ஆனால் விளக்கு உடைந்த பிறகு, கதை வேறு மாதிரி நடந்தது. அவள் வேகமாகப் படிப்பதை நிறுத்தினாள்.

கண் போன ஆராய்ச்சிக்காரியைச் சிப்பாய் கைபிடித்துக் கூட்டிப் போகிறான். பரிதாபப்பட்டு, வழி நன்றாக இருக்கிறது என்று சொல்கிறான். அவள் அவனை நம்பிக் கால் வைத்து, பள்ளத்தில் சரிகிறாள். எழுந்து உட்கார்ந்ததும் அவனிடம் சொல்கிறாள்: ‘என்ன இருக்கிறது என்று சொல். என்ன இருக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய் என்று சொல்லாதே.’ பிறகு அந்த இருட்டில் அவள் ஜெபம் செய்கிறாள். அவள் முதலில் கேட்பது பார்வையை அல்ல. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்... அதைத்தான் முதலில் சொல்கிறாள்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

துப்பறியும் கதைகளில் யாரும் பயமாக இருக்கிறது என்று சொல்வதில்லை. அவர்களுக்கு மூளை இருக்கிறது. எதற்குச் சொல்ல வேண்டும்? அவளும் சொன்னதில்லை. அப்பாவின் அறுவை நடந்தபோது வாசலில் தனியாக உட்கார்ந்து சுவரிலிருந்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ ஒருவர் தண்ணீர் வேணுமா என்று கேட்டதற்கு, வேணாங்க, நல்லா இருக்கேன் என்று பதில் சொன்னாள்.

அதுதான் அவள் மாற்றி எழுதிய ஒரே ரிப்போர்ட்.

சாயங்காலம். பச்சைத் திரையை அவள் முதல்முறையாக விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். தையல் டீச்சர் கவிழ்ந்து படுத்திருந்தார். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அவருடைய வலது கை விரல்கள் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கால்மாட்டில் அவன்.

“வந்துட்டியாம்மா? உக்காரு. இவன் ஜெபம் வந்தா எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி ஓட்டுவான். நீ நின்னு நிதானமாப் படி.”

“சரிங்கம்மா.”

அவள் புத்தகத்தைப் பிரித்தாள். நிமிர்ந்தபோது அவன் கண்கள்... காலையில் எரித்த அதே கண்கள், இப்போது கெஞ்சின. சத்தமில்லாமல் அவன் உதடுகள் அசைந்தன. வாய் அசைவை வாசிக்க அவளுக்குத் தெரியாது. ஆனால் இது புரிந்தது.

ப்ளீஸ்...

மாற்றிவிடலாம். ஒரே ஒரு வரி. சிப்பாய் விளக்கைப் பிடித்துவிட்டான். அந்தக் கண்களில் நன்றி வரும். ஒருவேளை ஒரு சிரிப்புகூட வரும். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது.

“விளக்கு அவள் கையிலிருந்து நழுவியது...” என்று தொடங்கினாள். நின்றாள்.

“நிறுத்தாதம்மா.”

“...பாறையில் மோதிச் சிதறியது.”

அவன் முகம் வெளுத்தது. அவள் பார்வையைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டு படித்தாள். எண்ணெய். நெருப்பு. அதற்குப் பிறகு அவள் எதையும் பார்க்கவில்லை.

சட்டத்தில் தாளம் நின்றது.

ஷூ சத்தம் வாசலை நோக்கிப் போயிற்று. திரை படபடத்து அடங்கியது. பக்கத்துக் கட்டிலில் அப்பா இருமக்கூட இல்லை. அவள் விடவில்லை. பள்ளம் வந்தது. சிப்பாய் சொன்ன பொய் வந்தது. ‘என்ன இருக்கிறது என்று சொல்’ வந்தது. ஜெபம் வந்தது. அதை நின்று நிதானமாகப் படித்தாள்.

கடைசியில், வெளிச்சம் வைத்துப் பார்த்தபோது வெறும் பாறையாகத் தெரிந்த சுவரில், தேய்ந்துபோன எழுத்துகளை ஆராய்ச்சிக்காரியின் விரல்கள் கண்டுபிடிக்கிற இடம்.

டீச்சரின் விரல்கள் இரும்புச் சட்டத்தின் மேல் லேசாக ஊர்ந்தன.

“அது நெசந்தான்” என்றார், தரையைப் பார்த்தபடி. “துணில எது நல்ல பக்கம்னு கண்ணைவிட விரலுக்குத்தான் முன்னாடி தெரியும்.” சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு, “பொண்ணே... எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்மா.”

அவள் புத்தகத்தை மூடினாள்.

“வர்றவங்க எல்லாரும் ‘ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது’ன்றாங்க. அவங்க அப்படிச் சொல்றப்ப பயமா இருக்குனு எப்படிச் சொல்றது? என் புள்ளை மூஞ்சியை நான் பாக்க முடியல. ஆனா அவன் சிரிச்சுட்டே பேசறது பொய்யினு தெரியுது. அவனுக்காக நானும் சிரிச்சுட்டுக் கெடக்கறேன்.” மூக்கை உறிஞ்சினார். “அவனைக் கூப்பிடு.”

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. திரைக்கு வெளியே, ஒரு கறுப்பு லேஸும் ஒரு பழுப்பு லேஸும் அசையாமல் நின்றிருந்தன.

அவன் உள்ளே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. அம்மாவின் தலைமாட்டுக்குப் போனான். அம்மாவின் முகம் ஓட்டைக்குள் தரையை நோக்கியிருந்தது. ஒரு நொடி தயங்கியவன், அப்படியே தரையில் மல்லாந்து படுத்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போனான். அம்மாவின் முகத்துக்கு நேர் கீழே தன் முகம் வரும்வரை.

“அம்மா...”

“எங்கடா இருக்க?”

“கீழ. உனக்கு நேரா.”

டீச்சரின் கை கீழே தொங்கி, துழாவி, அவன் நெற்றியைக் கண்டுபிடித்தது. மூக்கு, மழிக்காத தாடை... விரல்கள் ஒவ்வொன்றாகப் படித்தன. கன்னத்தில் ஈரம் தட்டியதும் நின்றன.

“பயமா இருக்குடா.”

“எனக்கும்தாம்மா.”

அவள் சத்தமில்லாமல் திரையை மூடிவிட்டுத் தன் பக்கம் வந்தாள். அப்பாவின் கை இருட்டில் தேடுவதுபோல் அவளுடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“பாப்பா.”

“ம்.”

“உனக்கு என்ன பண்ணுது?”

வாய் வரைக்கும் வந்தது, நல்லா இருக்கேன் என்று. விழுங்கிக்கொண்டாள்.

“அவர் இனிமே எங்கிட்ட பேசமாட்டார்னு நெனைக்கறேன்பா” என்றாள். “அது... கஷ்டமா இருக்கு.”

“ஓகோ” என்றார் அப்பா தரையிடம்.

மறுநாள் காலையில் மழை விடவில்லை. பெரிய டாக்டர் வந்துவிட்டார் என்று நர்ஸ் சொன்னாள். அப்பாவின் கண்ணை முதலில் பார்த்து, நன்றாக ஒட்டியிருக்கிறது, வீட்டுக்குப் போகலாம், ஆனால் இன்னும் சில நாள் தலை குனிந்தே இருக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு தையல் டீச்சரைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிப் போனார்கள். மகனும் கூடப் போனான். கதவு மூடியது.

பையெல்லாம் கட்டியாயிற்று. கிளம்ப வேண்டியதுதான். அவள் கிளம்பவில்லை. பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

“டாக்ஸி நிக்குமேம்மா” என்றார் அப்பா.

“நிக்கட்டும்பா.”

“நானும் அதைத்தான் சொல்றேன். நிக்கும்.”

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லேபில் பரிசோதனைக் குழாயில் நிறம் மாறுமா மாறாதா என்று காத்திருக்கும்போதுகூட அவள் இப்படித் தவித்ததில்லை. மனதுக்குள் யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டிருப்பதை அவளே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். அது ஜெபமா என்று தெரியவில்லை. பயமா இருக்கு, அவங்களுக்குக் கண்ணு தெரியணும்... அவ்வளவுதான் அதில் இருந்தது.

கதவு திறந்தது. அவன் வெளியே வந்தான். நேராக அவளிடம் வந்தான்.

அவன் முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.

“ஒட்டியிருக்கு” என்றான். மூச்சு வாங்கியது. “விழித்திரை ஒட்டியிருக்கு. ஆனா இப்போதைக்கு டாக்டர் கை அசைக்கறது நெழலாத்தான் தெரியுது. விரலை எண்ண முடியல. குமிழி கரையக் கரைய மேல கொஞ்சம் கொஞ்சமா தெளியுமாம். நடுவுல ஒரு கோடு ஆடுமாம், பாட்டில்ல தண்ணி மட்டம் தெரியற மாதிரி. கடைசில ஊசில நூல் கோக்கற அளவுக்கு வருமானு கேட்டேன். இப்ப சொல்ல முடியாதுன்னுட்டார்.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாகிட்டயும்...?”

“இதே மாதிரிதான் சொன்னேன்.” அவன் கண்கள் நிறைந்திருந்தன. “ஒரு வார்த்தைகூட மாத்தல.”

டீச்சரும் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கீழே முன்வாசலில் டாக்ஸிகள் வரிசையில் நின்றன. கூரையின் விளிம்பிலிருந்து மழை நூல் நூலாக இறங்கியது. இரண்டு சக்கர நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில். இரண்டிலும் குனிந்த தலைகள்.

“டீச்சர், போயிட்டு வரட்டுமா?” என்றார் அப்பா தன் முழங்காலைப் பார்த்து.

“போயிட்டு வாங்க. கடைசி அத்தியாயம்தான் நான் கேக்கவே இல்ல” என்றார் டீச்சர் தன் முழங்காலைப் பார்த்து.

“நானுந்தான் கேக்கல! அந்தச் சிலை திருடன் இன்னும் பிடிபடலையே?”

அவன் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். “நேத்து நான்... அதாவது... நீங்க எங்க வாழ்க்கைல ஒரு விளக்கு மாதிரி வந்து...”

“டேய்!” டீச்சர் தலை நிமிராமலேயே அதட்டினார். “சீரியல் வசனமெல்லாம் வேணாம். இருக்கறதைச் சொல்லு.”

அவன் வாயை மூடினான். திறந்தான். வரிக்கு வரி அடுத்தவர்களுக்கு வசனம் கொடுக்கிறவனிடம் தனக்கென்று ஒரு வரி இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“முந்தாநாள்...” என்றான் கடைசியில். “விளக்கு நழுவுற வரி படிச்சப்ப, திரைக்குப் பின்னால ‘அய்யோ’னு ஒரு சத்தம் வந்துச்சு. ரொம்பச் சின்னதா.”

அவள் முகம் சூடாயிற்று. சொன்னாளா? சொல்லியிருப்பாள்...

“அதுக்கப்புறம் அந்த ‘அய்யோ’தான் காதுக்குள்ள. மறுநாள் விளக்கு ஒடையற எடத்தை மாத்தினேன். ஆனா அது நழுவுனதை ஏற்கனவே சத்தமா படிச்சுட்டேங்கறது சுத்தமா மறந்துபோச்சு. நழுவுன எடத்துல எனக்கு விளக்கே ஞாபகம் இல்ல. நீங்கதான் இருந்தீங்க.” புத்தகத்தின் ஓரத்தைத் தடவினான். “என் வேலைல நான் இப்படித் தப்பு விட்டதே கெடையாது. அப்புறம்... அம்மாவுக்குக் காது நல்லாவே கேக்கும். அவ்வளவு சத்தமா படிக்கணும்னு அவசியமே இல்ல.”

“நானும் யோசிச்சேன்” என்றார் டீச்சர், “எதுக்கு இவன் ஊருக்கே படிக்கிறான்னு.”

மழை. ஒரு டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை.

“உங்களுக்கு என்னை...”

“தம்பி” என்று அப்பா குறுக்கிட்டார். “ஒண்ணு சொல்லிடறேன். என் பொண்ணுக்குப் பொய் வராது. கேக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கோ.”

“யோசிச்சுட்டேன் சார்.” அவன் அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் இப்போது எரிச்சலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வெறும் பயம்... ஒளித்து வைக்காத பயம். “என்னைப் பிடிச்சிருக்கா?”

அவள் குனிந்து அவனுடைய ஷூக்களைப் பார்த்தாள். பழுப்பு லேஸ். கறுப்பு லேஸ். எத்தனை நாள் பார்த்த ஷூக்கள்...

“அந்தப் பக்கம் காத்தே வராது” என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

“எந்தப் பக்கம்?”

“திரைப் பக்கம். நாற்காலியை அங்க நகத்திப் போட்டேன்ல... அது காத்துக்காக இல்ல.”

அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. நேற்று ஒரு வரியை மாற்றிப் படித்திருந்தால் கிடைத்திருக்குமே என்று அவள் ஏங்கிய சிரிப்பு. மாற்றாமலே வந்தது.

“என்ன சொல்றா? எனக்குக் கேக்கலையே!” என்று தவித்தார் டீச்சர்.

“எனக்கும் கேக்கல டீச்சர். ஆனா எனக்கு இன்னொரு கண்ணு நல்லா இருக்கே” என்றார் அப்பா. “தம்பி ஷூவும் என் பொண்ணு செருப்பும் ஒண்ணையொண்ணு பாத்துட்டு நிக்குது. ரெண்டும் நகரல.”

“அது போதாது. வாய் தெறந்து சொல்லச் சொல்லுங்க.”

பஸ்ஸில் ‘நிறுத்துங்க’ என்றுகூடச் சொல்லத் தெரியாதவள், தலையை நிமிர்த்தினாள்.

“ஆமா!”

முன்வாசல் முழுக்கக் கேட்டது.